ஏழு கம்பளி

பேருந்து மலையை விட்டு இறங்க இறங்க
மடியில் கிடந்த காலி பாட்டில்,
மூடி திருகியபடியே,
தானாக நசுங்கியது.
"கீழே காற்று கனம்" என்றார் சாத்துர்னினோ,
ஏற்கெனவே ஒரு வருஷம் அங்கே கரும்பு வெட்டியவர்.

மொன்தேரோவில் இறங்கியபோது
விடியவே இல்லை.
அதற்குள் யாரோ ஈரத்துணியை
முகத்தில் போட்டு அழுத்தினார்கள்.

மூட்டையில் ஏழு கம்பளி.
லாமா மயிர் நான்கு, செம்மறி மூன்று.
சாத்துர்னினோ தலையில் அடித்துக்கொண்டார்.
வீட்டுக்காரி தோன்யா நெல்வி
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணி
தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்:
மலைக்காரி
அடுப்பையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

முதல் இரவு
தகரக்கூரையில் தட், தட்டென்று விழுந்தது.
கல்லெறிகிறார்கள் என்று
விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தோம்
பிள்ளையை நடுவில் போட்டு.
காலையில் பார்த்தால்
முற்றமெல்லாம் மாம்பழம்.

இங்கே கொதிநீருக்குக் கோபம் அதிகம்.
எல் ஆல்ட்டோவில் ஒரு மணி நேரம் வெந்தும்
நடுவில் விறைத்து நிற்கும் கிழங்கு
இங்கே நான் திரும்புவதற்குள்
குழைந்து கூழாகிவிடுகிறது.
காற்றும் அப்படித்தான், தேவைக்கு மேல்.
பெரிய வீடு கட்டிவிட்டு
ஒற்றை ஆளாய்க் குடியிருப்பதுபோல
என் நெஞ்சுக்கூடு.

அங்கே ஐந்து உள்பாவாடை கட்டுவேன்.
நவம்பரில் நான்கானது.
கிறிஸ்துமஸுக்கு இரண்டு.
கார்னிவல் முடிந்த அன்று
கடைசியையும் அவிழ்த்து மடித்து வைத்தபோது
இடுப்பு யாருடையதோபோல் இருந்தது.

பதினொன்றிலிருந்து மூன்று வரை
ஊரே செத்துக் கிடக்கும்.
நான் மட்டும் துணி துவைத்தேன்.
நெல்வி ஊஞ்சல் படுக்கையிலிருந்து
ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக் கத்தினாள்:
"வெயிலோடு போட்டி போட்டு
யாருக்கு என்ன நிரூபிக்கப்போகிறாய்?"
பதில் சொல்லத் தெரியவில்லை.
மூன்றாம் நாள் மயங்கி விழுந்தேன்.
நான்காம் நாள்
அவள் பக்கத்தில் இன்னொரு ஊஞ்சல் தொங்கியது.

வில்மர் சீக்கிரம் பழகிவிட்டான்.
சொல்லின் கடைசி எழுத்தை
இவர்களைப்போலவே விழுங்குகிறான்.
பள்ளியில் அதற்கு அடி விழவில்லையாம்;
விழுங்காமல் பேசியபோதுதான் விழுந்ததாம்.

சூன்யோ ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தேன்.
உறைபனியில் பரப்பி
காலால் மிதித்து நீர் பிழிந்து
வெயிலில் காய்ந்த கிழங்கு,
பத்து வருஷம் கெடாது என்போம்.
பத்து வாரத்தில் பச்சையாய்ப் பூத்தது.
கிழங்கைக் கொட்டிவிட்டு
சாக்கை மட்டும் வைத்துக்கொண்டேன்.
எதற்கென்று கேட்டார் சாத்துர்னினோ.
எதற்கோ.

ஜூலையில் ஒரு நடுமதியம்
காற்று தெற்கிலிருந்து திரும்பியது.
சுராசோ, சுராசோ என்று
தெரு கதவடைத்தது.
காலையில் முப்பத்துமூன்று டிகிரி,
இருட்டும்போது பத்து.
நாய்கள் அடுப்புச் சாம்பலில் சுருண்டன.
நான் வாசலில் நின்று
கைப்பட்டையைச் சுருட்டிவிட்டேன்.
சொந்தக்காரர் யாரோ
சொல்லாமல் கொள்ளாமல் வந்ததுபோல இருந்தது.

எட்டு மணிக்குக் கதவு தட்டியது.
நெல்வி.
உதடு நீலம், இடுப்பில் கடைக்குட்டி.
எதுவும் கேட்கவில்லை.
மூலையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
மறுபடி மூட்டையை.

அவளுக்கொன்று, பிள்ளைகளுக்கு இரண்டு.
பின்வீட்டுத் தையற்காரருக்கு,
பிரசவித்த யோவன்னாவுக்கு,
ஆலைக் காவலாளிக்கு.
ஏழாவது
நெல்வியின் கிளிக்கூண்டுக்கு.

நான்காம் நாள் வெயில் திரும்ப வந்தது.
மாமரத்தடிக் கொடியில் ஏழும் தொங்கின.
"உங்கள் ஊர் இப்படித்தான் நாறுமா?"
"இல்லை. இதைவிட மோசம்."
அன்றுதான் முதல்முறை
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

இது மூன்றாவது ஜூலை.
நேற்று காற்று திரும்பியது.
நெல்வி தட்டுமுன்னே மூட்டையை அவிழ்த்தேன்.
அடுக்கினேன், எண்ணினேன்.
ஆறுதான் இருந்தது.
கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன்,
பிள்ளையைத் திட்டினேன்.

வாசலில் நின்றபடி
நெல்வி என் தோளைக் காட்டினாள்.

எப்போது போர்த்திக்கொண்டேன்?
"மலைக்காரி, உனக்குமா?" என்றாள்.
பல் கிட்டியதில்
வார்த்தை வரவில்லை.

கிளிக்கு இந்த வருஷம்
சூன்யோ சாக்குதான்.