நாற்பத்தொன்றாவது பெயர்

அக்ரூட் உலுக்க ஏறியவர்
காய்களுக்கு முன்பே கீழே வந்தார்.
நான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தேன்.
முதலில் கேட்டது கிளை முறிந்த சத்தம்.
முறிந்தது கிளை மட்டும்தான் என்று
ஒரு மூச்சு நேரம் நம்பியிருந்தேன்.

பன்னிரண்டாவது முள்ளெலும்பு என்றார் மருத்துவர்.
தகடு வைத்துத் திருகாணி முடுக்கிப்
பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்.
கையில் ஒரு தாள்.
தாளில் ஒரு சொல்: மறுவாழ்வு.
அதனடியில் பிஷ்கெக் நகரத்துத் தொலைபேசி எண்.
மீதித் தாள் வெறுமையாக இருந்தது.

எங்கள் அர்ஸ்லான்போபிலிருந்து பிஷ்கெக்குக்கு
இரண்டு கணவாய்கள்,
ஒரு முழுப் பகல், இரவில் கொஞ்சம்.
மறுவாழ்வு அங்கேதான் இருந்தது,
இருபது கட்டில்களில்.
ஒதில்ஜானின் பெயர் நாற்பத்தொன்றாவது.

திங்கட்கிழமைதோறும் ஆலைக்குப் பின்னால் மேடேறுவேன்.
அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.
எடுப்பவள் பெயர் புருல்கன்.
அவளுடைய கிர்கிஸும் என்னுடைய உஸ்பெக்கும்
பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.
முப்பத்தெட்டு, என்பாள்.
அடுத்த வாரமும் முப்பத்தெட்டு.
பிறகு திடீரென்று முப்பத்தொன்று.
ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை.
சந்தோஷமாக மேட்டிலிருந்து இறங்கினேன்.
அந்தச் சந்தோஷத்தை இன்னும்
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இதற்கிடையில்
ஒரே குழாயைக் கொதிநீரில் போட்டுப் போட்டு எடுத்தேன்.
பஞ்சு மெத்தைமேல் இன்னொரு பஞ்சு மெத்தை போட்டேன்.
அசைக்காமல் பார்த்துக்கொண்டேன்,
அசைத்தால் தகடு நகர்ந்துவிடுமென்று.
இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டுமாம்.
தாளில் அதை எழுத இடமிருந்தது.

ஜனவரியில் விரிப்பை மாற்றும்போது பார்த்தேன்,
வாலெலும்பின்மேல் ஒரு சிவப்பு.
மாத முடிவில் அது திறந்துகொண்டது.
வலித்திருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

மார்ச்சில் புருல்கனே கூப்பிட்டாள்.
கட்டில் கிடைத்துவிட்டது, புதன்கிழமை வாருங்கள்.
இல்ஹோம் தன் வேனின் இருக்கைகளைக் கழற்றினான்.
கன்றோடு பசுவை விற்றோம்.
செவ்வாய் மாலை மறுபடி மணி அடித்தது.
கேட்க மறந்துவிட்டேன், உடம்பில் புண் ஏதும் இல்லையே?

பொய் சொல்லியிருக்கலாம்.
பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு
வாசலிலேயே பிடித்துவிடுவார்கள்.

புண்ணோடு சேர்க்க மாட்டார்கள் அக்கா.
ஆறியதும் கூப்பிடுங்கள்.

காத்திருந்ததில் வந்த புண் இது, என்றேன்.
தெரியும், என்றாள்.
அந்தத் தெரியும் புதிதாக இல்லை,
பலர் உட்கார்ந்து தேய்ந்த பெஞ்சு மாதிரி இருந்தது.

ஆனால் அவள் போனை வைக்கவில்லை.
தாழ்வாரத்தில் சக்கரச் சத்தம் கேட்டது.
ஷர்ஷென், இங்கே வாங்க, என்று கூப்பிட்டாள்.
நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகைக் கொடுத்தவராம்.
பென்சில் இருக்கா? என்றது ஒரு கரகரத்த குரல்.
மல்லாக்க விடவே விடாதே.
இரவிலும் புரட்டு, அலாரம் வை.
முட்டையும் தயிரும் நிறையக் கொடு.
கட்டிலுக்குக் கயிறு கட்டு, கை நன்றாகத்தானே இருக்கிறது?
அப்புறம் ஒரு கண்ணாடி வாங்கு.
முதுகு அவனுடையது. அவன் பார்க்கட்டும்.

அந்தத் தாளின் வெறுமை
அன்றைக்குத்தான் நிரம்பியது.

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார் ஒதில்ஜான்.
இந்த வருட விளைச்சலில்
எனக்குக் கிடைத்த ஒரே காய், என்றார்.
ஓடு உடைந்த முழு அக்ரூட் அளவு அப்போது.
இப்போது அரைப் பருப்பு.
புது வரிசையில் எங்கள் எண்ணை
புருல்கன் இன்னும் சொல்லவில்லை.

நேற்று இரவு,
இரண்டு மணி அலாரத்துக்கு முன்பே
கட்டில் சட்டம் கிறீச்சிட்டது.
விளக்கைப் போடாமல் தடவிப் பார்த்தேன்.
கயிறு விறைத்திருந்தது.
பாதி தூரம் அவரே திரும்பியிருந்தார்.
மீதியைத் திருப்பினேன்.