நகம் பட்டால் முறியாது

மூன்றாம் நாளாகக் குழாயில் காற்றுதான்.
திறந்தால் இருமுகிறது.
பாடாங் செராய் முழுக்கத் தண்ணீர் வெட்டு.
லோரி வந்து நிரப்பிய நீலத் தோங்கில்
பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.
சோற்றுக்கு ஒரு வாளியைத் தனியே மூடி வைத்தேன்.
மீதி இவருக்கு.

இன்று காலைதான் கூலிம் ஆஸ்பத்திரியில்
தையல் பிரித்தார்கள்.
இனி நனைக்கலாம் என்று மிஸ்ஸி சொன்னாள்.
திரும்பும்போது பஸ்ஸில்
அந்தக் கையை மட்டும்
சன்னல் பக்கம் ஒளித்துக்கொண்டு வந்தார்.

செம்பனைக் குலை ஏறுகிற சங்கிலி
வலக்கையில் இரண்டை எடுத்துக்கொண்டது.
சுண்டு விரல், மோதிர விரல்.
ஆலை நாற்பது நிமிடம் நின்றது,
பிறகு ஓடியது.
இப்போதும் ஓடுகிறது,
அதன் எண்ணெய் வாடை
கொடியில் காயும் தொழுகைத் துணி வரை வருகிறது.
பெர்க்கேசோ பாரத்தில்
விரலுக்கென்று ஒரு கட்டம் உண்டு.
எந்த விரல், எந்தக் கணு வரை.
நான்தான் நிரப்பினேன்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாயிற்று.
"கலந்தர், வர்றியளா?" என்று
மோட்டாரை நிறுத்தாமலே கேட்டுப் போனார் தஸ்தகீர்.
இவர் பலகையில் குந்தி
கைகளை நீட்டினார்.
"நிய்யத்து வச்சிட்டேன். ஊத்து."

காயோங்கைச் சரிக்கிறேன், நூலாக.
எங்கள் மத்ஹபில்
மனைவியின் தோல் பட்டால் ஒளு முறியும்.
பதினாறு வருஷமாக இந்த வீட்டில்
பாங்கு கேட்டால் நான் சுவரோரம் நடப்பேன்.
தொப்பியை நுனியில் பிடித்து நீட்டுவேன்,
சுடுகிற பாத்திரம்போல வாங்கிக்கொள்வார்.

வாய் கொப்பளித்தார்.
மூக்குக்கு, முகத்துக்கு.
மூன்று வாரத் தாடிக்குள் போன தண்ணீர்
வெளியே வர நேரமெடுத்தது.

பிறகு வலக்கை.
விரலிடுக்குகளில் நீர் ஓட வேண்டும்.
இடக்கை விரல்களை அதில் கோத்தார்.
இரண்டுக்குக் கோக்க இடமில்லை.
பள்ளிக்கூடம் விட்டும்
கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகள்போல
வெளியே நின்றன.
இல்லாத இடத்துக்கும்
மூன்று முறை ஊற்றினேன்.
தங்காமல் சிமெண்டில் விழுந்தது.
இவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்,
மணிக்கட்டில் பிளாஸ்திரிப் பசை,
கறுப்பாக ஒரு கோடு.
நீர் அதன்மேல் ஏறி இறங்குகிறது,
அடியில் தோல் காய்ந்தே இருக்கிறது.
"சுரண்டு" என்றார்.
"நகம் பட்டா முறியாது."

நகம், முடி, பல்
மூன்றும் கணக்கில் வராது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்.
பசை சுருண்டு வந்தது.
"பட்டுச்சா?"

படவில்லை. நகம்தான்.

"பட்டுடுச்சு" என்றேன்.

என்னைப் பார்த்தார்.
தெரிந்ததோ தெரியாதோ.
சூராவில் இகாமத் கேட்டது.
வலப்பக்கத்து மலக்கோ இடப்பக்கத்து மலக்கோ,
யார் எழுதினாலும் எழுதட்டும்.
முறிந்ததுதானே என்று
காயோங்கைக் கீழே வைத்துவிட்டு
அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

இருபத்திரண்டு நாள்.
தழும்பு நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

"அரிக்குது" என்றார்.
"எங்க?"
"மோதிர விரல்ல."

சொறிந்துவிட்டேன்,
காற்றில்,
அது இருக்கவேண்டிய உயரத்தில்.
"இன்னும் கொஞ்சம் மேல" என்றார்.

தோங்கில் காயோங் அடியைத் தட்டியது.
சோற்று வாளியின் மூடியைத் திறந்தேன்.
"பிஸ்மி சொல்லுங்க."