பொருள் விவரம்

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு
ராத்திரி இரண்டு மணிக்கு
வாழைத்தார் ஏற்றும் வண்டியில்
கோணிச் சாக்கு சுற்றிய ஒரு படம் வந்தது.
பில் இல்லை.
"பொள்ளாச்சியில ஒரு டிராயிங் டீச்சர் வரைஞ்சது சார்,
திருச்சூருக்குப் போகுது,
வேற ஒண்ணும் தெரியாது" என்றான் செய்யது.

படிவத்தின் முதல் கட்டம்: சாதனம்.
மலையாளத்தில் அச்சடித்தது.
கொழிஞ்சாம்பாறைக்காரன் நான்,
பதினொரு வருடமாக அதைப்
பொருள் என்றே வாசித்துப் பழகியவன்.

பிரித்தோம்.
வற்றிய ஆற்றின் நடுவில் ஒரு பசு.
வயிற்றில் கதவு,
ரேஷன் கடைக் கதவு மாதிரி நீலப் பெயின்ட்,
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.
பின்னால் தென்னைகள்.
பாளையில் கட்டிய கலயம் ஒவ்வொன்றிலும்
மூடிய ஓர் இமை.
பசுவுக்கு நிழல் இல்லை.
நிழல் விழ வேண்டிய மணலில்
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை
கைகளை விரித்துக் கிடந்தது.

எக்சைஸ் சசீந்திரன்
டார்ச்சை இமைகளின் மேல் நிறுத்தினார்.
"ஸ்பிரிட். கலயத்துக்குள்ள வேற என்ன தூங்கும்?"
சட்டத்தைத் தட்டினார், முகர்ந்தார்.
வெறும் எண்ணெய் வாசம்.
அவருக்கு ஏமாற்றம்.

கால்நடை ஆய்வாளர் லிஸியம்மா
பசுவின் வாயையே பார்த்தார்.
"கோமாரி. எச்சிலைப் பார், நூல் நூலா.
இதை எல்லை தாண்ட விடக் கூடாது."
சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.
பிறகு சிரிப்பு நின்று
கை கழுவப் போனார்.

செய்யது படத்தைப் பார்க்கவே இல்லை.
முன்விளக்கில் வந்து விழும் ஈசல்களைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்தத் தாழ்ப்பாள்.
விஷயம் தெரிந்தவர்கள்
கருப்பை என்பார்கள், கனவு என்பார்கள்,
இன்னும் பெரிய பெரிய சொல் வைத்திருப்பார்கள்.
நான் பார்த்தது துரு.
தாழ்ப்பாள் முழுக்கத் துரு,
நடுவில் ஒரு விரலகலம் மட்டும் பளபளப்பு.
யாரோ அடிக்கடி திறக்கிறார்கள்
என்று முதலில் நினைத்தேன்.
இல்லை.
கதவின் ஓரத்தில் சிலந்திக்கூடு கிழியாமல் இருக்கிறது.
திறக்கலாமா என்று தொட்டுப் பார்த்துவிட்டு
யாரோ அடிக்கடி திரும்பிப் போகிறார்கள்.

மூன்று வருடம் முன்பு, ஆடி மாதம்,
வைக்கோல் என்று எழுதி அனுப்பிய லாரி.
உள்ளிருந்து இரண்டு முறை
தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.
"மழை சார்" என்றார் டிரைவர்.
"மழைதான்" என்றேன் நானும்.
கண்ணாடியில் வைப்பர்
அசையாமல் நின்றது.
அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையின்
பையில் ஐந்நூறாக இரண்டு தாள்.
மறுநாள் சலவைக்குப் போட்டபோது
எடுக்க மறந்து, நனைந்து,
மாடியில் காயவைத்து எடுத்தேன்.

பொள்ளாச்சி டீச்சரை நான் பார்த்ததில்லை.
அவருக்கும் என்னைத் தெரியாது.

"சீக்கிரம் எழுதெடோ,
பின்னால பதினாறு வண்டி நிக்குது."

எழுதினேன்.
பேனா வைக்கோல் என்று எழுதியிருந்தது.
அடித்துவிட்டு
படம், எண்ணம் ஒன்று, மதிப்பு நூறு
என்று திருத்தினேன்.
கார்பன் தாள்
அடித்ததையும் சேர்த்து
மூன்று நகல் எடுத்தது.

திரும்பச் சாக்கு சுற்றும்போது
பசுவின் வயிறு இருக்கும் இடத்தில்
என் உள்ளங்கை தங்கிவிட்டது.
பறையின் தோல் மாதிரி விறைத்த துணி.
நான் தட்டவில்லை.

"சார், கையை எடுங்க" என்றான் செய்யது,
"கயிறு கட்டணும்."