வளையம்

மூலைக்கரைப்பட்டி விலக்கு தாண்டி
வற்றின குளத்துக்குள் ஜீப்பை இறக்கினேன்.
ரிவால்வர் லைசென்ஸ் அப்பா பேரில்,
அவர் செத்துப் பதினாறு நாள்.
தோட்டாவுக்குள் குண்டு கிடையாது,
கடுகுபோல நூற்றுச் சொச்சம் ரவை.
முயலுக்கு இது போதும்வே
என்றார் செல்லப்பாண்டி.

சுட்டுப் பார்க்க ஒரு தாள் வேண்டும்.
பின்சீட்டில் மிச்சம் கிடந்தது
கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான்.
உடைமரத்தில்
அதன் முள்ளாலேயே குத்தி மாட்டினேன்.

பதினைந்து அடி.
டப்பென்றதும் ஒரு கொக்கு எழுந்து போனது.

கிட்டப் போய்ப் பார்த்தோம்.
குழலின் திருகுவரி சுழற்றிவிட்டதில்
ரவையெல்லாம் வட்டமாய் விரிந்து
மருமக்கள் பேர், பேரப்பிள்ளைகள் பேர்,
அச்சகத்தின் போன் நம்பர்
எல்லாம் சல்லடை.
நடுவில் பெரியவர்
முறுக்கின மீசையோடு,
ஒரு பொட்டுப் படாமல்.

நாலடி முன்னே போனால் சரியாகும் என்றார்.
போகவில்லை.

பொழுதடைய முயல் வந்தது,
காது ரெண்டையும் தூக்கி நின்றது.
சுட்டார்.
சுற்றிலும் புழுதி எழுந்தது வளையமாய்.
உள்ளே இருந்த முயல்
கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.

திரும்புகையில் பிராய்லர் அரைக் கிலோ.
ரவை கிடக்கும், பார்த்துக் கடி என்று
யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.