தொழுவ வளைவு

பாதை வட்டமில்லை. முட்டை வடிவமும் இல்லை.
வரைபடத்தில் பார்த்தால்
யாரோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்த பேரிக்காய்.

கடித்தவர் ஒபடையா த்ரெல்ஃபால்,
பதினொரு மாட்டுக்குச் சொந்தக்காரர்.
ஹாரோபி நகர மன்றம் பூங்காவுக்கு நிலம் சேர்த்தபோது
எல்லாரும் விற்றார்கள்.
இவர் வயலை விற்றார், தொழுவத்தை விற்கவில்லை.
"சக்கரம்தானே, வளைந்து போகட்டும்" என்றாராம்.
மன்றத்தின் குறிப்பேட்டில் அந்தப் பேச்சு இல்லை.
மூன்று கூட்டங்களிலிருந்து அவரை வெளியேற்றியது மட்டும்
அழகான கையெழுத்தில் இருக்கிறது.

ஆலை மூடி வேலையிழந்தவர்கள்
நாளுக்கு இரண்டு ஷில்லிங்குக்கு மண் வெட்டினார்கள்.
அவர்கள் இழுத்த கோடு
தொழுவத்தைக் கண்டதும் உள்வாங்கி,
சுவரை உரசாமல் சுற்றி,
மறுபடி தன் வழிக்கு வந்தது.

முதல் பந்தயத்தன்று
மாடுகள் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிப் பார்த்தன.
முன்னால் போனவன் சாணத்தில் சறுக்கினான்.
ஆறுதலாய் அவனுக்கு ஒரு குடை கொடுத்தார்கள்.

ஐந்து வருடத்தில் ஒபடையா செத்தார்.
மறுவாரமே மகன் விற்றான்.
ஒரே பகலில் தொழுவத்தைப் பிரித்து
கல்லையெல்லாம் கழிப்பறை கட்டக் கொண்டுபோனார்கள்.
பாதையை நேராக்கப் பணம் இல்லை.
அதற்குப் பிறகு வந்த எந்த மன்றத்திடமும் இல்லை.

ஆக, நூற்று முப்பது வருடமாக
இந்த ஊரில் பந்தய சைக்கிள் ஏறுகிற எவரும்
ஒவ்வொரு சுற்றிலும்
ஒரு மூச்சு நேரம் வலப்பக்கம் சாய்ந்து
இல்லாத மாடுகளுக்கு வழிவிடுகிறார்கள்.

யுத்தத்தில் நடுப்புல்லில் உருளைக்கிழங்கு போட்டார்கள்.
கடைசிச் சுற்று மணியை உருக்கக் கேட்டார்கள், கொடுத்தாயிற்று.
நேரம் குறிக்கும் டோர்கஸ் ஸ்டாக்டேல்
ஜாம் காய்ச்சும் செப்புச் சட்டியைக் கொண்டுவந்து
கரண்டியால் ஓங்கி அடித்தாள்.
அடி வாங்கி அடி வாங்கி
சட்டிக்கு ஒரு கன்னம் ஒட்டிப்போனது.
சமாதானம் வந்ததும் புது மணி வாங்கினார்கள், வெண்கலம்.
அது ஒலித்தது. ஒருவர் காதிலும் ஏறவில்லை.
எட்டுப் பேரும் கணக்கு மறந்து
ஒரு சுற்று கூடுதலாக ஓட்டினார்கள்.
மறு சனிக்கிழமை சட்டி திரும்பி வந்தது.

அப்புறம் போலந்திலிருந்து காஷிமியெஷ் ட்ரோஸ்ட்,
சாயப்பட்டறை ஆள், நகக்கண்ணெல்லாம் நீலம்.
பிரேக் இல்லாத சைக்கிள், தெரியாத வளைவு,
முதல் நாளே காறையெலும்பு முறிந்தது.
"நேராகப் போக வேண்டிய இடத்தில் ஏன் இப்படி?" என்று
படுத்தபடியே கேட்டான்.
சொன்னார்கள்.
சிரித்தான், வலித்தது, நிறுத்தினான்.
"இல்லாத வீட்டைச் சுற்றிப் போவது
எனக்குப் புதிதில்லை" என்று சொல்லிவிட்டு
யாரிடமாவது சிகரெட் இருக்கிறதா என்றான்.
அதன் பிறகு பதினாறு வருடம்
அந்த வளைவில் அவனை ஒருவரும் முந்தவில்லை.
மற்ற மூன்று வளைவுகளில் எல்லாரும் முந்தினார்கள்.

நான் மன்றத்தின் விரிசல் ஆள்.
அளவுநாடா, சாக்கட்டி, படிவம்.
செவ்வாய்க்கிழமை தூறலில் குனிந்து அளந்தேன்:
ஒன்பது மில்லிமீட்டர், பன்னிரண்டு, ஓரிடத்தில் என் கட்டைவிரல்.
படிவம் கேட்கிறது, பழுதின் காரணம்:
வேர், உறைபனி, நீர்க்கசிவு, பிற.
'பிற'வில் குறி போட்டேன்.
விவரிக்க அரை அங்குலம் இடம்.
'பதினொரு மாடு' என்று எழுதி
அடிக்கவா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓரம்! ஓரம்!"
செவ்வாய் வகுப்புப் பெண்கள்,
முன்னால் தலைக்கவசத்துக்குள் சிவப்பு முக்காட்டோடு இஃப்ரா வர்சமே,
நனைந்த தாரில் டயர்கள் சீறிக்கொண்டு.

நாடாவைச் சுருட்ட நேரமில்லை.
பேனாவோடு குதித்து
தொழுவத்துக்குள் ஒதுங்கினேன்.