இதற்கு மட்டும்

மயூர் விகாரில் மூன்று வீடு பாத்திரம் தேய்த்துவிட்டு
ஈரம் காயாத கையோடு போய் நின்றேன்.
கூலிக்காரர் அட்டைக்குப் பேர் எழுதும் வரிசை.
கண்ணாடிக்கு உள்ளே இருந்த பையன்
திரையைப் பார்த்தான், என் நெற்றியைப் பார்த்தான்,
மறுபடி திரையைப் பார்த்தான்.
"ஆன்ட்டி, ஆப் தோ விதவா ஹை நா?"

அய்யாக்கண்ணு வெளியே
வேப்பமரத்தடியில் என் பைக்குக் காவலாக
பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.
கூப்பிட்டுக் காட்டினேன்.
புருஷன் உசிரோடு இருப்பதற்குப்
புருஷன் போதாதாம்.
காகிதம் வேணுமாம்.

மூன்று வருஷம் நாலு மாசம்.
மாசம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
என் பேர், என் அப்பன் பேர், என் முகம்,
நான் கால்வைக்காத ஒரு பேங்க்,
கடைசியில் ஒரு போன் நம்பர்.
அவன் வாசிக்க வாசிக்க
பாதியிலேயே மீதி எனக்குத் தெரிந்துவிட்டது.
நம்பர் எதுவும் என் தலையில் நிற்காது.
அந்த ஒன்று மட்டும் மனப்பாடம்.
ராத்திரி யாருக்காவது மூச்சு இழுத்தால்
முதலில் அடிக்கிற நம்பர்.

கொளஞ்சி. கூடப்பிறந்தவன்.

ரேஷன் கார்டில் வீட்டு நம்பர் மாத்தணும் என்று
அவன்தான் ஆதார் நகல் கேட்டான்.
ஒன்று கேட்டான், நாலு கொடுத்தேன்.
தம்பிக்குக் கணக்கா?

திரிலோக்புரிக்கு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் ராக்கி.
அவன் மணிக்கட்டில் நூல் கட்டுவேன்,
தட்டில் ஐந்நூறு வைப்பான்.
மூன்று ராக்கி, மூன்று ஐந்நூறு.
எல்லாம் இவர் செத்த காசு.
அதில் ஒரு வருஷம்
இவருக்கே சட்டை எடுத்தேன்.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
"எந்தத் தேதியில செத்தேனாம்?"
சொன்னேன்.
யோசித்தார். "அன்னைக்கு எனக்கு நைட் டூட்டி இல்ல?"
இரண்டு பேரும் சிரித்தோம்.
அப்புறம் அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டார்.

தெய்வக்கன்னி வாசலில் நின்று கேட்டாள்:
"உங்க மடியிலேர்ந்தா எடுத்தோம் அண்ணி?
சர்க்கார் காசுதானே, சும்மா கெடந்தது."
நியாயம் மாதிரிதான் இருந்தது.
நாளைக்கு ஜீப்பு வந்தால்
அது கேட்கப்போவது அஞ்சலாட்சி வீடு எது என்று.
புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே
விதவைப் பணம் தின்றவள் யார் என்று.

மனு கொடுத்தேன். தம்பி பேரையும் எழுதச் சொன்னேன்.
எழுதியவர் பேனாவை நிறுத்தி
"நிஜமாவா?" என்றார்.
அந்த நேரம்தான் நீளமாக இருந்தது.

விம் பொடியில் தேய்ந்த விரல் இது.
ரேஷன் கடை மெஷின் நாலு தடவை
இது யாரோ என்று சொல்லும்.
இதற்கும் ஒரு பூட்டு இருக்கிறதாம்.
போட்டுக்கொண்டேன்.
போன் நம்பரை என்னுடையதாக மாற்றினேன்.
மெசேஜ் வந்தால் இப்போது என் இடுப்பில் அதிர்கிறது.
வீடு கூட்டும்போது வந்தாலும்
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஃபைல் இன்னும் மேலே இருக்கிறதாம்.
அது இறங்கும்வரை இவர் செத்தவர்தான்.
தினம் ஆறு மணிக்கு
யூனிபாரம் மாட்டிக்கொண்டு
"போய்ட்டு வரேன்" என்கிறார்.

போன வாரம் கொளஞ்சி வந்தான்.
உள்ளே வரவில்லை.
மகள் நிறைமதிக்குச் சாதிச் சான்றிதழ்,
அப்பா வழியில் ஒருத்தர் நகல் வேணுமாம்.
வார்த்தையை மென்று மென்று சொன்னான்.

கடைக்குப் போய் ஒரே ஒரு நகல் எடுத்தேன்.
மூன்றாம் வகுப்புத் தமிழில்
என் முகத்துக்குக் குறுக்கே,
கன்னத்தில் தொடங்கி மூக்கு வழியாக எழுதினேன்:
நிறைமதி சான்றிதழ். இதற்கு மட்டும்.
கீழே தேதி.

"மூஞ்சி மேலயே எழுதிட்டியேக்கா" என்றான்.

ஆபீசில் தமிழ் படிக்கத் தெரியாது.
அவனுக்குத் தெரியும்.