பதினொரு விநாடி

என் வீட்டுக் கதவை எனக்கு முன்னே
உலகம் பார்த்துவிடுகிறது, தினமும்.
ஷெஃப்ஷாவனில், ராஸ் எல் மா ஊற்றுக்கு ஏறும் சந்தில்
ஏழாவது படிக்கு இடப்பக்கம்.
நீலம். அவ்வளவுதான் அதன் பெருமை.
வசந்தம் பிறந்தால் சுண்ணாம்பில் பொடி கரைத்து
நானும் அப்தந்நபியும் பூசுவோம்.
அழகு என்று அப்போது தோன்றியதில்லை.
முதுகு வலிக்கும்,
நக இடுக்கில் ஒரு வாரம் கறை போகாது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால்
வெள்ளை கவுனில் ஒரு கொரிய மணப்பெண்.
என் பூனையைத் தூக்கி
வெளிச்சம் விழும் படியில் உட்காரவைப்பாள் இன்னொருத்தி.
குச்சியில் மாட்டிய போனோடு பேசிக்கொண்டே
பின்பக்கமாக நடந்து வருவான் ஒருவன்.
குப்பைப் பையோடு சுவரில் ஒட்டிக்கொள்வேன்.
முழங்கை மட்டும் படத்தில் விழும்.
அதையும் வெட்டிவிடுவார்கள்.

ராட்டர்டாமிலிருந்து சித்தி மகள் இக்ராம்
ஒரு வீடியோ அனுப்பினாள்:
'துரையா, உன் கதவு! நாலு லட்சம் பேர் பார்த்தாச்சு.'
பியானோ. நீலம். பியானோ. மறுபடி நீலம்.
ஆளில்லாத ஊர் போலத் துடைத்து வைத்திருந்தான்.
பிறகு இடது ஓரத்தில், இரண்டே விநாடி,
தோளில் கேஸ் சிலிண்டரோடு
அவர்.

போன நோன்புக்கு முந்தின நோன்பில்
போய்ச் சேர்ந்தவர்
படியேறி வருகிறார்.
வாய் அசைகிறது.
மேலே பியானோ.

எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.
போன் சூடாகி அணைந்தது.
என்ன சொன்னார்?
என் பெயரா? படமெடுத்தவனுக்குத் திட்டா?
உதட்டைப் படிக்க நான் என்ன ஊமையின் மனைவியா,
வாய் ஓயாத மனுஷனோடு
இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவள்.

இக்ராம்தான் எனக்காக எழுதினாள்,
ஓஸ்கரி என்று ஒரு ஃபின்லாந்துக்காரனுக்கு:
பாட்டை எடுத்துவிட்டுத் தர முடியுமா?
மூன்று வாரம் சத்தமே இல்லை.
பிறகு வந்தது, பதினொரு விநாடி.

முதலில் ஊற்று இரைகிறது.
எங்கோ ரேடியோவில் பந்தாட்டம்.
பிறகு அந்தக் குரல், மூச்சிரைத்து:
'பாலக், பாலக்! வழி விடுங்க...
துரையா, கதவைத் திறடி, தோள் கழண்டு விழுது.'
கதவு திறக்கிறது.
ஒரு கை. மணிக்கட்டு வரை மாவு.
'செருப்பைக் கழட்டிட்டு வாங்க'
என்று எரிந்து விழுகிறேன் நான்.
முடிந்தது.

கூடவே எழுதியிருந்தான் ஓஸ்கரி:
கதவு திறந்ததும் உள்ளே ஒரே இருட்டு,
நீலம் கெட்டுப்போயிற்று,
அதனால் வெட்டினேன், மன்னியுங்கள்.

வெட்டியதைத் தூக்கி எறியவில்லையே, தம்பி.

இப்போது எந்திரம் சுழலும் இரவுகளில்
ஊர் ஊராகப் பார்க்கிறேன்.
அங்கோர் கோபுரம் எனக்கு எதற்கு?
அதன் அடியில் செருப்பு வாரைத் தைத்துக்கொள்ளும் பையனைப் பார்க்கிறேன்.
வெனிஸில் படகைவிட
ஜன்னலைச் சாத்தும் கை பிடித்திருக்கிறது.
பெட்ராவின் சிவப்புப் பாறை முன்னால்
கழுதைக்காரி ஒருத்தி கேமராவைப் பார்த்து
ஏதோ சொல்கிறாள்.
அங்கேயும் பியானோ.
யார் வீட்டில் யார் அதைத் திருப்பித் திருப்பிப்
பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

இன்று காலை கதவடியில் ஒரு பெண், லியோனாம்.
'சத்தமும் பதிவாகுதா?' என்றேன்.
கண்டிக்கிறேன் என நினைத்துப்
பதறி போனை இறக்கினாள்.
'இல்லம்மா, பதியட்டும்' என்று
சிலிண்டரைத் தோளுக்கு ஏற்றி
'பாலக்!' என்றேன், சந்து முழுக்கக் கேட்க.

உள்ளிருந்து திறக்க ஆளில்லை.
இறக்கி வைத்து,
பையைக் கவிழ்த்துச் சாவி தேட
நேரமானது.

அவள் அதையும் எடுத்தாள்.